அத்தியாயம் 6: பன்னிரண்டு லட்சத்தில் கையில் எவ்வளவு?

கல்லூரி முடித்து முதல் வேலைக்குப் போகிறவரிடம் யாரும் சம்பளம் பேசுவதில்லை. சொன்னதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏழெட்டு ஆண்டு உழைத்துவிட்டு வேலை மாறும்போதுதான் பேசவே ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்திலும் பெரும்பாலோர் ஒரே ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்பதும் அதே எண்தான்: "பேக்கேஜ் எவ்வளவுப்பா?"

அந்த பேக்கேஜ், அதாவது சி.டி.சி., சம்பளம் அல்ல. ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவழிக்கக்கூடிய அத்தனையையும் கூட்டி வைத்த தொகை அது. மாதாமாதம் வங்கிக்கு வருவதும், வருமா வராதா என்று தெரியாததும், ஐந்து ஆண்டு பொறுத்தால் மட்டும் கிடைப்பதும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆஃபர் வந்த நாளுக்கும் கையெழுத்துப் போடும் நாளுக்கும் நடுவே கிடைக்கும் நான்கைந்து நாளில் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எதை எந்த வரிசையில் கேட்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத பே-ஸ்லிப், சென்ற ஆண்டின் படிவம் 16, இப்போதைய வேலையின் நியமனக் கடிதம், பி.எஃப். பாஸ்புக்கின் நகல், நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீட்டு ஆவணம். வேலையில் சேர்ந்த அன்றைக்குப் பிறகு நியமனக் கடிதத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பாண்டு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பேச்சு தொடங்கும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

படி 1: சொந்த விலையைக் கணக்கிடுதல்

ஐந்து ஆண்டுக்கு முன் 6 லட்சத்தில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால், அன்றைய 6 லட்சத்துக்கு வாங்கிய அதே பொருட்களை வாங்க இன்றைக்கு 7.66 லட்சம் வேண்டும். அவர் இப்போது 7.5 லட்சம் வாங்கினால், ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழே. சம்பளம் பேசப் போகிறவர் முதலில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. "முப்பது சதவீதம் ஹைக்" என்று கேட்டதும் வரும் பூரிப்பு கொஞ்சம் அடங்கும்.

அடுத்தது சந்தை விலை. இதற்கு நம்பகமான வழி, அதே ஊரில், அதே வேலையில், ஏறத்தாழ அதே அனுபவத்தோடு இருக்கும் மூன்று பேரைக் கேட்பது. "உங்க சம்பளம் என்ன?" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "இந்த அனுபவத்துக்கு எவ்வளவு கேட்டா தப்பில்ல அண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் சராசரிகள் பெங்களூருவையும் மதுரையையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியவை. அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

சில துறைகளில் எழுத்திலேயே அளவுகோல் இருக்கிறது. கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. அதில் பாதியைக் கையில் வாங்குபவருக்குத் தன் நிலை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதே ஒரு பலம்.

படி 2: "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?"

எச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் வந்ததும் அதன் மேல் 20 அல்லது 30 சதவீதம் போட்டு ஆஃபர் தயாராகிவிடும். முந்தைய நிறுவனம் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்தக் குறை அடுத்த வேலைக்கும் வட்டியோடு கூடவே வரும். பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு ஆண்டு வேலையை விட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

உரையாடல் இப்படிப் போகலாம்:

"கரன்ட் சி.டி.சி. சொல்லுங்க மேடம்."

"இந்த ரோலுக்கு நீங்க வெச்சிருக்கிற பட்ஜெட் என்ன சார்? அதுக்குள்ள இருந்தா மேல பேசலாம்."

"பாலிசிப்படி கரன்ட் சி.டி.சி. இல்லாம ப்ரொசீட் பண்ண முடியாது."

"சரி சார், பே-ஸ்லிப் தர்றேன். ஆனா போன வேலைல டீம் கிடையாது. இங்க ஆறு பேரைப் பார்த்துக்கணும்னு சொல்றீங்க. வேலையே வேற. இந்த வேலைக்கு என் எதிர்பார்ப்பு 13 லட்சம் ஃபிக்ஸட்."

பழைய எண்ணை மறைக்க முடியாதபோது, அதோடு புதிய வேலையின் வித்தியாசத்தையும் தன் எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

எச்சரிக்கை: பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லவோ, பே-ஸ்லிப்பைத் திருத்தவோ கூடாது. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணின் கீழ் எங்கே எந்தத் தேதி வரை வேலை செய்தார் என்பது பதிவாகியிருக்கும். படிவம் 16-ஐயும் கேட்பார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பொய் வெளிப்பட்டாலும் வேலை போகும்.

படி 3: மூன்று குவியல்

ஆஃபரோடு வரும் சம்பளப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றில் போட வேண்டும். முதல் குவியல், மாதாமாதம் கையில் வருவது. இரண்டாவது, தன் பெயரில் சேமிப்பாகப் போவது. மூன்றாவது, நிபந்தனை நிறைவேறினால் மட்டும் வருவது.

சென்னையில் ஒருவருக்கு இரண்டு ஆஃபர்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆஃபர் 12 லட்சம். பேஸிக் ஆண்டுக்கு 6 லட்சம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 72,000, பணிக்கொடை 28,860, காப்பீட்டு பிரீமியம் 15,000, வேரியபிள் 1,20,000 என எல்லாம் இந்த 12 லட்சத்துக்குள்ளேயே. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 9,64,140; மாதத்துக்கு 80,345. அதிலிருந்து ஊழியரின் பி.எஃப். பங்கு 6,000-ம் தொழில் வரிக்காக ஏறத்தாழ 208-ம் போனால் கையில் 74,137.

இரண்டாவது ஆஃபர் 11 லட்சம்தான். வேரியபிள் கிடையாது. பணிக்கொடையும் காப்பீடும் சி.டி.சி.க்கு வெளியே. பி.எஃப். மட்டும் குறைந்தபட்சமான மாதம் 1,800. கையில் வருவது ஏறத்தாழ 87,858.

ஒரு லட்சம் குறைவான ஆஃபரில் மாதம் 13,700 ரூபாய் கூடுதல்! 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை, ஊதியம் பெறுவோருக்கு அதற்கு மேல் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் இரண்டிலுமே வருமான வரி பிடித்தம் இருக்காது.

இங்கேயே நிறுத்தி இரண்டாவதில் கையெழுத்துப் போடுவதும் அவசரம்தான். முதல் ஆஃபரில் இரு தரப்பும் சேர்ந்து மாதம் 12,000 பி.எஃப். கணக்கில் விழுகிறது, இரண்டாவதில் 3,600. இதையும் கூட்டினால் முதலாவது 86,137, இரண்டாவது 91,458. முதல் ஆஃபரின் வேரியபிள் மாதக் கணக்கில் 10,000. ஆக, வேரியபிளில் 53 சதவீதத்துக்கு மேல் உறுதியாக வந்தால் முதல் ஆஃபர் மேல், வராவிட்டால் இரண்டாவது. முழு முடிவும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "கடந்த மூன்று ஆண்டில் இந்தப் பிரிவில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" இதை மின்னஞ்சலில் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேரியபிளைப் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

படி 4: பி.எஃப்., பணிக்கொடை

பி.எஃப். சட்டப்படி ஊழியர் 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம். கட்டாய உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் ஊதியம். அதன் 12 சதவீதம்தான் பே-ஸ்லிப்பில் அடிக்கடி கண்ணில் படும் அந்த 1,800. முழு பேஸிக்குக்கும் கட்டுவதா, 1,800-ஓடு நிறுத்துவதா என்று சில நிறுவனங்கள் சேரும்போது கேட்கும். வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்காதவர்கள் முழுதாகக் கட்டுவதே மேல். 2024-25-க்குத் தரப்பட்ட வட்டி 8.25 சதவீதம், வங்கி வைப்பில் அது கிடைப்பது அரிது.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: வேலை மாறும்போது பழைய பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவழித்துவிடுவது. ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் அது வருமான வரிக்கு உட்படும். புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய நிறுவனத்தின் ஆண்டுகளும் இந்த ஐந்தில் சேரும்.

பணிக்கொடைக்கு வழி எளிது. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 50,000 ஊதியத்தில் 7 ஆண்டு 7 மாதம் வேலை செய்தவருக்கு எட்டு ஆண்டாகக் கணக்கிட்டு ஏறத்தாழ 2,30,769 ரூபாய் வரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகும். உச்சவரம்பு 20 லட்சம். சி.டி.சி. பட்டியலில் அந்த வரி இல்லாவிட்டாலும் தகுதி உள்ளவருக்கு நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். பட்டியலில் 4.81 சதவீதம் என்று போட்டிருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைத்துவிடுவதில்லை. பேக்கேஜ் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

பணிக்கொடைத் தகுதிக்கு ஐந்து ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், நான்கே முக்கால் ஆண்டில் ராஜினாமா எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னதுண்டு. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைத் தாமாக ஏற்பதில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட முடியுமானால் வழக்காடுவதைவிட அதுவே மலிவு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் "ஊதியம்" என்றே கணக்கிடப்படும். பேஸிக்கை 30 சதவீதத்தில் வைத்து மீதியை "சிறப்புப் படி" என்று எழுதும் பழைய வித்தையால் இனிப் பணிக்கொடையைக் குறைக்க முடியாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதி வந்துவிடுகிறது.

படி 5: மருத்துவக் காப்பீட்டில் நான்கு கேள்விகள்

"ஐந்து லட்சம் கவர் உண்டு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. கேட்க வேண்டியவை:

1. பெற்றோர் சேர்வார்களா? சேர்ந்தால் பிரீமியம் யார் தலையில்?
2. அறை வாடகைக்கு வரம்பு உண்டா? நாளுக்கு 5,000 வரம்பு இருக்கையில் 10,000 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகை மட்டுமல்ல, அதோடு தொடர்புள்ள மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.
3. கோ-பே, அதாவது மருத்துவச் செலவில் நாமே கட்ட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம்? பெற்றோருக்கு மட்டும் தனி விகிதம் வைப்பது வழக்கம்.
4. மகப்பேற்றுச் செலவுக்கு வரம்பு எவ்வளவு?

நிறுவனக் காப்பீடு வேலையோடு போய்விடும். நாற்பதை நெருங்குகிறவர் தன் பெயரில் தனியாக ஒரு பாலிசி வைத்திருப்பது அவசியம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம் என்பதால் வேலை போன பிறகு எடுக்க ஓடினால் காலம் கடந்திருக்கும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. பேறு எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். சேரும் தேதியைப் பேசும்போது இந்த 80-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

படி 6: பங்குகள்

சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது அதன் ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள். அன்றிலிருந்து ஸ்டார்ட்-அப் எச்.ஆர்.களின் வாயில் இந்தக் கதை ஓயவில்லை. 36 டாலருக்கு விற்ற அந்தப் பங்கு அடுத்த ஆண்டே அதில் பாதிக்கும் கீழே போனதை அவர்கள் சொல்வதில்லை.

பங்கு தருகிறோம் என்றால் எத்தனை பங்கு, மொத்தம் எத்தனையில் அந்த எண்ணிக்கை, வாங்கும் விலை என்ன, எத்தனை ஆண்டில் கைக்கு வரும், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பங்கைக் கையில் வாங்கும்போதே வரி விழும் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியலாகாத நிறுவனமென்றால் பங்கை மூன்றாவது குவியலின் அடியில் போட்டுவிட்டு, அது இல்லாமலே வீட்டுச் செலவு ஓடுமா என்று பார்ப்பது உத்தமம்.

படி 7: பாண்டும் நோட்டீசும்

"பாண்டு எல்லாம் கோர்ட்ல நிக்காது" என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்று தடுப்பது வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது. எனவே தொகை எவ்வளவு, எத்தனை காலம் என்று பார்த்துவிட்டுத்தான் பாண்டில் கையெழுத்துப் போட வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். விட்டுவிட்டு வரக் கூடாது.

நோட்டீஸ் 90 நாள் என்றால், அதை விலைக்கு வாங்கும்போது பேஸிக்கில் கணக்கா, மொத்தச் சம்பளத்திலா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரலாம். இப்படிப் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய மறைமுக வரி வாரியம் விளக்கிவிட்டது.

படி 8: கேட்கும் வரிசை

1. முதலில் ஃபிக்ஸட் தொகை. அடுத்த ஆண்டின் ஹைக்கும் பி.எஃப்.-உம் பணிக்கொடையும் இதன் மேல்தான் நிற்கின்றன.
2. அது நகரவில்லையென்றால், வேரியபிளில் ஒரு பகுதியை ஃபிக்ஸடாக மாற்றச் சொல்லலாம். சி.டி.சி. மாறாததால் எச்.ஆர்.-க்கு மேலிடத்தில் அனுமதி வாங்குவது எளிது.
3. பிறகு ஜாயினிங் போனஸ் அல்லது நோட்டீஸ் தொகை. போனஸ் என்றால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
4. கடைசியாகப் பதவிப் பெயர், ஆறு மாதத்தில் ஒரு மறுபரிசீலனை, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள்.

இவற்றை ஒரே அழைப்பில் பேச வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று கேட்பவரிடம் எச்.ஆர். சலித்துவிடுவார். பேசி முடித்த அன்றே "இன்று பேசியபடி..." என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிவிட வேண்டும். வாயால் சொன்ன மறுபரிசீலனை, சொன்ன மேலாளர் வேலை மாறியதும் காற்றோடு போய்விடும்.

எச்சரிக்கை: வேலைக்காக டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். வெளிநாட்டு வேலைக்குச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னாலும் அப்படியே. 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள்.

படி 9: பழைய வேலையிலிருந்து வெளியேறுதல்

கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு பழைய நிறுவனம் கவுன்டர் ஆஃபரோடு வரக்கூடும்; வந்தால் அதையும் மூன்று குவியலாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கணக்கு முடிப்பதில் முன்பெல்லாம் 45 நாள், 60 நாள் என்று இழுப்பது சகஜம். பழைய ஊதியச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு மட்டுமே பொருந்தியதால், அனுபவமுள்ள பட்டதாரிக்கு அதில் இடமே இல்லை. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லா ஊழியருக்கும் பொருந்தும். விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள். பயன்படுத்தாத விடுப்புக்குத் தரும் பணத்தில், தனியார் ஊழியருக்கு வாழ்நாள் மொத்தமாக 25 லட்சம் வரை, விதிகளின் கணக்குக்கு உட்பட்டு வரிவிலக்கு உண்டு. நிறுவனம் அதற்கும் டி.டி.எஸ். பிடித்திருந்தால் கேட்கலாம்.

நடு ஆண்டில் மாறுகிறவர் பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடிக்கப்பட்ட வரியையும் புதிய நிறுவனத்திடம் அறிவித்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரு நிறுவனமும் தனித்தனியே நிலையான கழிவும் வரிச் சலுகையும் கொடுத்துக் கணக்குப் போடும். ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமும் ஒரே அடியாக வந்து விழும்.

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, படிவம் 16 மூன்றையும் வாங்கிய பிறகு பி.எஃப். தளத்தில் ஒரு முறை நுழைந்து, விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய நிறுவனம் ஏற்றாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே ஆதார் ஓ.டி.பி. மூலம் அதைப் பதிந்துகொள்ள முடியும். அந்தத் தேதி இல்லாமல் பழைய கணக்கின் பணம் புதிய கணக்குக்கு நகராது.